வந்த வேளை

ஓர் ஆண்டு முடிந்து மற்றோர் ஆண்டு பிறக்கும்போது, கழிந்த ஆண்டு எப்படி இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறோம். நல்ல ஆண்டு என்பார் சிலர். போதாத ஆண்டு என்பார் சிலர். விடை எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் அந்த விடையைச் சொல்லும் உரிமை யாருக்கு உண்டு, அதைச் சொல்வதால் யாருக்கு என்ன நேர்கிறது என்பவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே குடும்பத்தில் ஒரே ஆண்டில் மணமும் நடக்கிறது, மரணமும் நிகழ்கிறது, குழந்தையும் பிறக்கிறது, தொழிலும் கைவிட்டுப் போகிறது. இவற்றுள் எதைக் கொண்டு அவ்வாண்டை மதிப்பிடுவது? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். இதற்குத் தவறான விடை கண்ட வீடுகளில் எத்தனை பெண்கள் வாய் திறவாமல் கண்ணீர் வடித்திருக்கிறார்கள் என்று நினைத்தால், இது சிறிய கேள்வி அன்று என்பது விளங்கும்.

ஆண்டுக்குப் பெயரிடும் முறை நாட்டுக்கு நாடு வேறுபட்டிருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கில் பிரபவ முதல் அட்சய வரை 60 பெயர்கள் முன்பே வகுக்கப்பட்டுவிட்டன. ஆண்டு பிறக்கும் முன்னரே அதன் பெயர் பிறந்துவிடுகிறது. 2024 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டுக்குக் குரோதி என்று பெயர். சினம் உடையது என்பது பொருள். அவ்வாண்டிலும் எத்தனையோ வீடுகளில் மணப்பந்தல் போடப்பட்டது, தொட்டில் கட்டப்பட்டது. சில வேளைகளில் பெயர் நிகழ்ச்சியோடு ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாததாக ஆகிவிடுவதும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம் முன்னோர் சொல்லிவந்தனர். தாது என்னும் பெயருக்கும் பசிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் அப்பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முதியோர் முகம் வாடிற்று.

அரபு நாட்டின் பழைய வழக்கு இதற்கு நேர்மாறானது. அங்கே ஆண்டு கழிந்த பின்னரே பெயர் வந்தது. ஆப்ரஹா யானைப் படையோடு மக்காவை நோக்கி வந்த ஆண்டு, யானை ஆண்டு எனப்பட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்தது அவ்வாண்டில்தான் என்பது வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கூற்று. பெயர் படையெடுப்பை மட்டுமே சொல்கிறது. அன்னை ஆமினாவின் இல்லத்தில் ஒளிர்ந்த பிறப்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றையும் நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். அக்குழந்தை பிறப்பதற்கு முன்பே தந்தையார் அப்துல்லாஹ் மறைந்துவிட்டார். தந்தை இறந்த பின் பிறக்கும் குழந்தையை நம் ஊர்களில் சிலர் என்ன சொல்லிக் குறிப்பிடுவர் என்பதை எழுதக் கை கூசுகிறது. அந்தச் சொல்லை இனி எந்தக் குழந்தையின் மீது வீசுவதற்கு முன்னும், தந்தையின்றிப் பிறந்த அந்த ஒரு குழந்தையை நாம் நினைவிற்கொள்வது நல்லது.

பிற்காலத்தில் கதீஜா நாயகி (ரலி) அவர்களும், பெரிய தந்தையார் அபூதாலிபும் அடுத்தடுத்து மறைந்த ஆண்டு துயர ஆண்டு என்று பெயர் பெற்றது. அது கி.பி. 619-ஆம் ஆண்டை ஒட்டியது. பின்னர் கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில், ஹிஜ்ரத்தை முதலாகக் கொண்டு ஆண்டுகளை எண்ணும் முறை வகுக்கப்பட்டது. பெயருக்குப் பதிலாக எண் வந்தது. எண்ணுக்குச் சினமும் இல்லை, துயரமும் இல்லை. ஆனால் மக்கள் மனம் எண்ணோடு நின்றுவிடவில்லை. ஹிஜ்ரி 18-இல் மழை பொய்த்து மண் சாம்பல் நிறமாகியபோது, அவ்வாண்டைச் சாம்பல் ஆண்டு என்றே அழைத்தனர். கலீபாவோ யாருடைய வேளை சரியில்லை என்று ஆராய்ந்துகொண்டிருக்கவில்லை. பிற மாகாணங்களின் ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வருவித்தார். மக்கள் அனைவருக்கும் கிட்டும் வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டா என்று ஒதுக்கிவைத்தார். பெயர் மக்கள் வைத்தது. பொறுப்பு அவர் ஏற்றது.

நம் கடலூர்ப் பகுதியிலும் ஆண்டுகள் இவ்வாறே பெயர் பெறுகின்றன. இங்கே ஒருவரது திருமணம் எப்போது நடந்தது என்று கேட்டால், சுனாமிக்கு முந்தின ஆண்டு என்றோ, தானேக்கு அடுத்த ஆண்டு என்றோ விடை வரும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. அன்று காலை எழுந்து வந்த கடல் இம்மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. தேவனாம்பட்டினம் முதல் கிள்ளையை அடுத்த தீவுக் குப்பங்கள் வரை அழுகுரல் கேட்டது. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்கு உணவும் உறைவிடமும் தந்ததை இப்பகுதி மறக்கவில்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் கரையைக் கடந்த தானே புயல், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து முந்திரித் தோப்புகளையும் பலாத் தோப்புகளையும் வேரோடு சாய்த்தது. தென்னாட்டின் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வதால், ஆங்கில ஆண்டின் கணக்கை முடிக்க வேண்டிய வேளையில்தான் நம் கரையில் புயலும் வெள்ளமும் வருகின்றன. எனவே ஆண்டு முழுதும் கிடைத்த நன்மைகளைக் கடைசி மாதத்தின் நீர் அழித்துவிடுவது போல் நமக்குத் தோன்றுகிறது.

இவை ஊர் வைத்த பெயர்கள். எல்லாருக்கும் பொதுவான துன்பத்தால் பெயர் பெற்ற ஆண்டு எந்தத் தனி மனிதரையும் சுட்டுவதில்லை. ஒரு வீடு தன் ஆண்டுக்குப் பெயர் வைக்கத் தொடங்கும்போதுதான் ஆபத்து நேர்கிறது.

எங்கள் வீட்டில் ஹிஜ்ரி 1446 அத்தகைய ஆண்டாக அமைந்தது. அது 2024 ஜூலையில் தொடங்கி 2025 ஜூனில் முடிந்தது. அதன் இரண்டாம் மாதமாகிய சஃபரில் என் மகனுக்குச் சிதம்பரத்தில் நிக்காஹ் நடந்தது. நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதைத் தொடர்ந்து டிசம்பர் முதல் வாரத்தில் பெண்ணையாறு கரைபுரண்டபோது, கடலூர் நகரின் வடபகுதியில் ஆற்றுக்கு அருகில் இருந்த என் துணிக்கடைக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் புகுந்தது. பத்து நாட்களுக்குப் பின் என் தாயார் தமது 78-ஆம் வயதில் மௌத்தானார். கடையை மீண்டும் திறக்காமல், ஷவ்வால் மாதத்தில் நானும் என் மனைவியும் சிதம்பரத்தில் பணியாற்றும் மகனோடு வந்து சேர்ந்தோம். ஆண்டின் கடைசி மாதமாகிய துல்ஹஜ்ஜில் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள்.

இந்த ஓராண்டை எங்கள் வீட்டில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறோம். மகனுக்கு அது நிக்காஹ் நடந்த ஆண்டு. மருமகளுக்கு அது தாயான ஆண்டு. என் மனைவிக்கு அது கடலூர் வீட்டைப் பூட்டிய ஆண்டு. எனக்கு அது உம்மா போன ஆண்டு. நான்கும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. ஆனால் கடைக்குள் வெள்ளம் புகுந்த மூன்றாம் நாள், நலம் விசாரிக்க வந்த மூத்த உறவினர் ஒருவர் ஐந்தாவதாக ஒரு பெயரைச் சொன்னார். சஃபர் மாதத்தில் நிக்காஹ் வேண்டாம் என்று அப்போதே சொன்னேன் என்று தொடங்கி, மருமகள் இருந்த அறையின் பக்கம் திரும்பி, வந்த வேளை சரியில்லை என்று முடித்தார். அந்தப் பெண் வீட்டுக்கு வந்து நான்கு மாதங்கள் நிறையவில்லை.

படுக்கையில் இருந்த உம்மாவின் காதில் இது விழுந்தது. அவர் அப்போது நிரம்பத் தளர்ந்திருந்தார். ஆயினும் எங்கள் அனைவருக்கும் கேட்கும்படி, “என்னையும் இப்படித்தான் சொன்னாங்க. அந்தப் புயல் என்னைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு? இந்தப் புள்ளையைக் கேட்டுக்கிட்டா ஆத்துல தண்ணி வந்துச்சு?” என்றார். 1964-இல் உம்மா மணமகளாகக் கடலூருக்கு வந்தவர். அவ்வாண்டு டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. அத்துறை வழியாக இலங்கைக்குச் சரக்கு அனுப்பிவந்த என் பாட்டனாரின் வணிகம் அதோடு முடிந்தது. புதுமணப் பெண் வந்த வேளை என்று அன்றும் சிலர் பேசினர். 60 ஆண்டுகள் உம்மா அதை எங்களிடம் சொன்னதில்லை. பேரனின் மனைவிக்காகவே சொன்னார்.

இப்பேச்சில் அடங்கியுள்ள பிழை எத்தகையது என்று ஆராய்வோம். பள்ளியில் வேற்றுமை உருபுகளைப் படித்த எவரும் இதை எளிதில் கண்டுகொள்ளலாம். இல் என்பது ஏழாம் வேற்றுமை உருபு. இடத்தையும் காலத்தையும் காட்டுவது. ஆல் என்பது மூன்றாம் வேற்றுமை உருபு. கருவியையும் செய்பவரையும் காட்டுவது. இவள் வந்த ஆண்டில் வெள்ளம் வந்தது என்பது காலத்தைச் சொல்லும் தொடர். அதில் குற்றம் இல்லை. இவள் வந்ததால் வெள்ளம் வந்தது என்பது ஒருவர்மீது பழி சுமத்தும் தொடர். இல் இருக்க வேண்டிய இடத்தில் ஆலைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். ஓர் உருபு மாறுவதால் ஓர் உயிர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேர்கிறது. ஆண்டு என்பது நிகழ்ச்சிகள் நடைபெறும் இடம். அது எதையும் செய்வதில்லை. ஒரே திண்ணையில் உட்கார்ந்த இருவரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மற்றவரைக் குற்றம் சொல்வோமா?

துக்கத்தில் இருப்பவர் இவ்வாறு பேசுவது இயல்புதானே, அதைப் பெரிதுபடுத்தலாமா என்று அன்பர்கள் கேட்கலாம். துக்கம் காரணத்தைத் தேடுகிறது என்பது உண்மையே. ஆனால் துக்கத்தின் உச்சியில் நின்றும் அந்தத் தேடலை மறுத்த ஒரு தந்தையை வரலாறு காட்டுகிறது. ஹிஜ்ரி 10-இல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறு மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 என்பர். குழந்தையின் மரணத்துக்காகவே கதிரவன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். மகனை இழந்த தந்தைக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் மொழி வேறென்ன இருக்க முடியும்? வானமே தம் துயரில் பங்குகொள்கிறது என்று அவர்கள் அதை ஏற்று வாளா இருந்திருக்கலாம். ஆனால் எவருடைய இறப்புக்காகவும் எவருடைய பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று அவர்கள் மக்களுக்கு விளக்கினார்கள். இறப்பை மட்டும் சொல்லி நிறுத்தாமல் பிறப்பையும் சேர்த்துச் சொன்னது ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

மாதங்களின் மீது பழி போடுவதும் இதே பிழையின் இன்னொரு கிளை. சஃபர் பீடை மாதம் என்று நம்மவரிடையே ஓர் அச்சம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. அம்மாதத்தின் கடைசிப் புதனை ஒடுக்கத்துப் புதன் என்று சொல்லி, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்தது. சஃபரில் பீடை ஏதும் இல்லை என்பது நபிமொழியில் வந்துள்ள செய்தி. அக்கால அரபியர் ஷவ்வாலில் மணம் செய்ய அஞ்சினர். தமது மணம் ஷவ்வாலிலேயே நிகழ்ந்ததை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் எடுத்துச் சொல்லி அவ்வச்சத்தைப் போக்கினார்கள். நம் அண்டை வீட்டு இந்து அன்பர்கள் ஆடியிலும் மார்கழியிலும் மணம் பேசுவதில்லை. அதே மார்கழியில்தான் சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்கு நாலாபுறத்திலிருந்தும் மக்கள் திரண்டு வருகின்றனர். ஒரு மாதம் ஒருவருக்கு அச்சமாகவும் ஒருவருக்குத் திருவிழாவாகவும் இருக்கிறதென்றால், அச்சமும் திருவிழாவும் மனிதர் கொண்டுவந்தவை. மாதம் கொண்டுவந்தவை அல்ல.

வேளையைக் குறைகூறுவதில் மற்றொரு தீங்கும் உண்டு. உண்மையான காரணங்கள் தப்பித்துக்கொள்கின்றன. 2024-இல் கடலூரில் வெள்ளம் ஏன் வந்தது? கரையைக் கடந்த புயல் விரைந்து நகராமல் ஓரிடத்திலேயே தங்கி மழையைக் கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை பெய்தது. மேற்கே சாத்தனூர் அணை நிரம்பிப் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. அந்த நீர் கடலில் சேரும் இடம் கடலூர். பெண்ணையாறு, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் என்று எங்கோ பெய்யும் மழையைச் சுமந்துவரும் ஆறுகள் பலவற்றுக்கு இம்மாவட்டமே கடைமடை. ஆல் என்னும் உருபை வைக்க வேண்டிய இடங்கள் இவை. ஆற்றின் கரை உறுதியாக இருந்ததா, வடிகால் தூர்ந்திருந்ததா, முன்னறிவிப்பு உரிய நேரத்தில் வீடுகளை எட்டியதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம். ஒரு பெண்ணின் காலடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர், ஆற்றின் கரையைப் பார்க்காது.

இவ்வளவும் பழியைப் பற்றியவை. புகழைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பேத்தி பிறந்தபோது அதே உறவினர் மகிழ்ச்சியோடு வந்தார். அவர் தீயவர் அல்லர். எங்கள் இன்ப துன்பங்களில் பங்குகொள்பவர். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இவள் வந்த வேளை இனி எல்லாம் நன்றாக நடக்கும் என்றார். வீட்டார் அனைவரும் முகம் மலர்ந்தனர். நான் அவரிடம் பணிவாக, “லாத்தா, இந்தப் பாரத்தையும் குழந்தை தலையில் வைக்க வேண்டாம்” என்று கேட்டுக்கொண்டேன். முதலில் அவருக்கு அது விளங்கவில்லை. ராசியான பிள்ளை என்று இன்று கொண்டாடும் வாய், நாளை ஒரு தொழில் நொடித்தால் என்ன சொல்லும்? மாலை போட்ட கழுத்திலேயே கல்லையும் கட்டும். ஐந்து வாரக் குழந்தை ஒரு குடும்பத்தின் செல்வத்துக்கும் நலத்துக்கும் பிணை நிற்க வேண்டும் என்பது எந்த நியாயத்தில் சேரும்? அவள் பாலுக்கு அழட்டும், அது போதும்.

அப்படியானால் நன்றி சொல்ல ஒன்றுமே இல்லையா என்று கேட்கலாம். நிரம்ப உண்டு. நன்றி, கொடுத்தவனுக்கு உரியது. பிறகு உழைத்த கைகளுக்கு உரியது. உம்மாவின் கடைசி வாரங்களில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டி, இரவில் விழித்திருந்தவள் வேளை சரியில்லை என்று பேசப்பட்ட அதே மருமகள்தான். அது அவள் செய்த செயல். அதற்கு நன்றி சொல்லும்போது ஆல் என்னும் உருபை நாம் தாராளமாகப் பயன்படுத்தலாம். அவளால் என் தாய்க்குக் கடைசி நாட்கள் இலகுவாயின. மனிதரை அவர்தம் செயலைக் கொண்டு அளப்பது அறம். அவர்கள் வந்து சேர்ந்த நாளைக் கொண்டு அளப்பது அறமாகாது.

இனி, ஆண்டுகளுக்குப் பெயரே வேண்டா என்று சொல்ல வருகிறேனா? இல்லை. பெயரில்லாத காலத்தை மனித மனத்தால் நினைவில் வைக்க முடியாது. உம்மாவுக்கு எண்கள் மனத்தில் நிற்கமாட்டா. பிள்ளைகள் பிறந்த கணக்கைப் புயல்களைக் கொண்டே அவர் சொல்லிவந்தார். அப்பெயர்களில் எவர்மீதும் பழி இல்லை. துயர ஆண்டு என்பது துயரத்தைச் சொல்லும் பெயரே அன்றி, துயரத்துக்கு யாரையும் பொறுப்பாக்கும் பெயர் அன்று. நாம் வைக்கும் பெயர்களும் அவ்வாறே அமையலாம். ஒரு வீட்டில் நால்வர் நான்கு பெயர் சொன்னால் நான்கும் நிற்கட்டும். தாயை இழந்தவனிடம் பேத்தி பிறந்ததே, இன்னுமா வருந்துகிறாய் என்று கேட்கவும் வேண்டா. தாயானவளிடம் மௌத்தான வீட்டில் என்ன சிரிப்பு என்று கேட்கவும் வேண்டா. இன்பத்தையும் துன்பத்தையும் ஒரே தராசில் வைத்து, ஒன்றைக் கழித்து மற்றொன்றை மிச்சம் காட்டும் கணக்கு வணிகத்துக்கு உதவலாம், வாழ்வுக்கு உதவாது.

பிறைக் கணக்கில் ஓர் அருமை உண்டு. அதன் ஆண்டுக்கு 354 நாட்களே ஆதலின், ஒவ்வொரு நாளும் ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டிருக்கிறது. உம்மா மறைந்த ஜமாதுல் ஆகிர் மாதம் அன்று வெள்ளத்தின் நடுவே வந்தது. சில ஆண்டுகளில் அது ஐப்பசியின் தூறலில் வரும்; பின்னர் ஆடிக் காற்றில் வரும்; அதன்பின் சித்திரை வெயிலில் வரும். ஏறக்குறைய 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் ஒரு முறை சுற்றி முடிக்கும். அப்போது பேத்தி தன் பிள்ளைகளிடம் தான் பிறந்த ஆண்டைப் பற்றிச் சொல்ல நேரலாம். அவ்வாண்டில் ஆற்றில் வெள்ளம் வந்தது, கொள்ளுப்பாட்டி மறைந்தார், கடையை மூடிவிட்டுச் சிதம்பரம் வந்தார்கள், நான் பிறந்தேன் என்று அவள் வரிசையாகச் சொல்வாள். அந்த வரிசையில் ஓரிடத்திலும் ஆல் என்னும் உருபு தவறான இடத்தில் வராதபடி அவளை வளர்ப்பது எங்கள் கடமை.